நனைந்த தீப்பெட்டியின் நாற்பத்தைந்து குச்சிகள்

யாருக்கும் தெரியாத ஒருவரைத் தனக்கு மட்டும் தெரியும் என்ற ஒரே சத்தில் உடம்பு தேறி நடமாடும் மனித இனம் ஒன்று உண்டு. பசித்தால் சாப்பிடுவார்கள், தூக்கம் வந்தால் தூங்குவார்கள், மற்றபடி உங்களையும் என்னையும் போலத்தான். ஒரே ஒரு அடையாளம். உங்களோடு வெயிலைப் பற்றியோ விலைவாசியைப் பற்றியோ பேசிக்கொண்டே இருப்பவர், சம்பந்தமில்லாமல் ஒரு பெயரைச் சொல்லி, "கேள்விப்பட்டிருக்கீங்களா?" என்பார். கேட்டுவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார். "இல்லையே" என்று நீங்கள் சொன்னால் போதும், அந்த முகத்தில் அடிக்கிற வெளிச்சத்தை வைத்து ஒரு தெருவுக்கே விளக்குப் போடலாம். மாறாக, "ஓ, தெரியுமே, என் பெரிய பொண்ணு தினம் கேப்பாளே" என்று சொல்லிப் பாருங்கள். அவர் வீட்டுக்குள் திருடன் புகுந்த மாதிரி ஆகிவிடுவார்.

இதைச் சொல்ல நீ யார் என்று கேட்பீர்கள். ஆறாம் வகுப்பைத் தாண்டாதவன். பதின்மூன்று வயதில் மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்ற உட்கார்ந்தவன், எழுபதில் மூன்று பட்டறைக்கு முதலாளி. படித்தவர்கள் மனிதரைப் புரிந்துகொள்ளப் புத்தகத்தைப் புரட்டுகிறார்கள். எனக்கு அது வேண்டியதில்லை. ஓடுகிற மோட்டார் பக்கத்தில் காதை வைத்தால் எந்தச் சுருள் எரிந்திருக்கிறது என்று சொல்லிவிடுகிறவனுக்கு மனிதன் எம்மாத்திரம்? தற்பெருமை என்று தோன்றினால் தோன்றட்டும். இருப்பதைத்தான் சொல்கிறேன்.

நாம் இங்கே மாதிரிக்கு எடுத்துக்கொள்வது ஒரு கண்ணாடிக் கடைக்காரரை. கண்ணைச் சோதித்து மூக்குக் கண்ணாடி போட்டுத் தருபவர். தொழிலில் சுத்தம். கால் பவர் வித்தியாசத்தைக்கூட விடமாட்டார். ஆனால் கண்ணைச் சோதிக்கிற அந்த இயந்திரத்தில் தாடையை ஒருமுறை வைத்துவிட்டால் அப்புறம் நீங்கள் அவருடைய கைதி. அசையவும் முடியாது, எழுந்து போகவும் முடியாது.

"இந்த வரி தெளிவா இருக்கா?"

"இருக்கு சார்."

"இப்போ?"

"இப்போ கொஞ்சம் மங்கல்."

"நனைஞ்ச தீப்பெட்டின்னு ஒருத்தர். கேள்விப்பட்டிருக்கீங்களா?"

"அது எந்த வரியில சார் இருக்கு?"

பலகையில் இல்லை. நனைந்த தீப்பெட்டி என்பது ஒரு மனிதரின் பெயர், அதாவது அவர் தனக்குத் தானே வைத்துக்கொண்ட பெயர். அவர் ஒரு ஹிப்-ஹாப் ப்ரொடியூசர். ஹிப்-ஹாப் என்றால், ராகம் போட்டு இழுக்காமல் தாளத்தின் மேல் பேச்சை அடுக்கிக்கொண்டே போகிற பாட்டு. அந்தத் தாளத்தைத் துண்டு துண்டாகப் பொறுக்கி, ஒட்டி, கோர்த்துக் கொடுப்பவர்தான் ப்ரொடியூசர். சினிமாவில் மாதிரி பணம் போடுகிறவர் இல்லை. பெரும்பாலும் பணமே இல்லாதவர். நம் தீப்பெட்டிக்காரர் பதின்மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரே ஒரு ஆல்பம் செய்தார், இருநூறு இசைத்தட்டு அடித்தார், அதோடு காணாமல் போனார். இருநூறில் நூற்றறுபது தட்டு, கிடங்கில் தண்ணீர் புகுந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. ஆக மிச்சம் நாற்பது. இந்தச் செய்தியைக் கண்ணாடிக்காரர் சொல்லும்போது குரல் தழதழக்கும், கண் மட்டும் சிரிக்கும். இருநூறும் பிழைத்திருந்தால் அவருக்கு என்ன பெருமை?

ஆல்பத்தின் பெயர் 'ஏழாவது மாடிக்கு லிப்ட் இல்லை'. அட்டையில் ஒரு படிக்கட்டுப் படம். பாடியவர் பெயர் இல்லை, வாசித்தவர் பெயர் இல்லை. எட்டு வருஷத்துக்கு முன்னால், வீடு காலி செய்த யாரோ ஒருவரிடம் பழைய ரெக்கார்டு பிளேயர் வாங்கியபோது கூடவே ஒரு பையில் வந்தது. வீட்டுக்கு வந்து போட்டுக் கேட்டார். முடிந்தது கதை. மனிதர் அன்றைக்கு உட்கார்ந்தவர்தான், மனத்தளவில் இன்னும் எழுந்திருக்கவில்லை.

இப்போது அவரிடம் அதே தட்டு நான்கு இருக்கிறது. வேறு வேறு ஆல்பம் இல்லை, அதே ஒன்று, நான்கு. முதல் தட்டு கேட்பதற்கு. இரண்டாவது, கையில் எடுத்துப் பார்ப்பதற்கு. மூன்றாவது, பிளாஸ்டிக் உறை பிரிக்காதது, யாரும் தொடாமல் இருப்பதற்கு. நான்காவது, மேற்படி மூன்றுக்கும் ஏதாவது ஆகிவிட்டால் என்ற கவலையைத் தீர்ப்பதற்கு, பீரோவுக்குள் மனைவியின் பட்டுப்புடவைகளுக்கு நடுவில்.

"ஒரே பாட்டுக்கு நாலு ரெக்கார்டு. குக்கருக்கு ஒரு வாஷர் வாங்கிட்டு வாங்கன்னு மூணு மாசமா சொல்றேன்" என்பார் மனைவி.

"ரெக்கார்டுன்னு சொல்லாதேம்மா. வினைல்."

"சரி, வினைல் வாஷர் வாங்கிட்டு வாங்க."

அந்த அம்மாள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவர். பகலெல்லாம் அறுபது பேரிடம் ரத்தம் எடுப்பார். வீட்டுக்கு வந்தால் கணவர் எடுப்பார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்குக் கேட்கும் சடங்கு. சடங்கு என்றால் சும்மாவா? முதலில் ஃப்ரிட்ஜை அணைக்க வேண்டும், அது முனகுகிறதாம். பால் திரிந்தால் திரியட்டும். மின்விசிறி நிற்க வேண்டும், வேர்த்தால் வேர்க்கட்டும். கொத்தனார் வைத்திருக்கிற ரசமட்டத்தை பிளேயர் மேல் வைத்து, குமிழி நடுவுக்கு வரும்வரை காலுக்கடியில் பழைய விசிட்டிங் கார்டுகளைச் செருக வேண்டும். வெள்ளைக் கையுறை, ஒட்டக முடித் தூரிகை, முள்ளைத் துடைக்க ஒரு சொட்டு ஏதோ திரவம். இத்தனையும் முடிந்து முள் தட்டில் இறங்கிய பிறகு வீட்டில் யாரும் நடக்கக் கூடாது. தும்மல் வந்தால் குளியலறை. அதிலும் கதவைச் சாத்தும்போது மெதுவாக.

பிளேயரில் வேகத்தை மாற்றும் பொத்தான் ஒன்று உண்டு. யாராவது தூசி தட்டுகிறேன் என்று அதை அழுத்திவிட்டால்? ஆகவே அதன் மேல் பிளாஸ்திரி ஒட்டிவைத்திருந்தார். எட்டு வருஷத்துப் பிளாஸ்திரி.

இவருக்கு ஒரு சபை. ஏழு பேர். தலைவர் இவர். துணைத் தலைவர் ஒரு பல் டாக்டர், நாற்பதில் ஒரு தட்டுக்குச் சொந்தக்காரர், தலைவர் நாற்காலி மேல் எப்போதும் ஒரு கண். மற்ற ஐந்து பேர் தலையாட்டுவதற்கு. இவர்கள் எல்லாருமே முதன்முதலாகப் பாட்டைக் கேட்டது கண்ணாடிக்காரர் வீட்டில்தான். அவர் கேட்ட மாதிரியே கேட்கப் பழகினார்கள், அவர் சொன்ன இடத்தில் கண்ணை மூடினார்கள்.

அவர் என்ன சொன்னார்? "நிதானம்" என்றார். உலகத்து ஹிப்-ஹாப் எல்லாம் ஓடுகிறது, நனைந்த தீப்பெட்டி மட்டும் நடக்கிறார் என்றார். ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவில் இருக்கிற இடைவெளியில் ஒரு மனிதன் தன் முழு வாழ்க்கையையும் நினைத்துப் பார்த்துவிட்டுத் திரும்பலாம் என்றார். இதையே நாற்பது பக்கத்துக்கு எழுதி, 'மெதுவின் மேன்மை' என்று தலைப்புப் போட்டு, பைண்டு பண்ணி மற்ற ஆறு பேருக்கும் கொடுத்தார்.

பாடுகிற குரலைப் பற்றித் தனி அத்தியாயம். கிணற்றுக்கு அடியிலிருந்து வருவது போன்ற அந்த ஆண் குரலுக்கு வயது ஐம்பத்தைந்துக்குக் குறையாது, துறைமுகத்தில் மூட்டை தூக்கிய தோள், இரண்டு தடவை காதலில் தோற்ற நெஞ்சு என்பது தலைவரின் கணிப்பு. பல் டாக்டர் இதில் வேறுபட்டார்.

"துறைமுகம் இல்ல சார், சுரங்கம். மூச்சுல தூசி இருக்கு. இன்னொண்ணு சொல்றேன், மேல் வரிசையில ரெண்டு பல் இல்ல. காத்து கசியுது பாருங்க."

"துறைமுகம்தான்."

"பல்லு விஷயத்துல நீங்க தலையிடாதீங்க."

மூன்று வருஷம் நடந்தது இந்தச் சண்டை. துறைமுக அணிக்கு நான்கு பேர், சுரங்க அணிக்கு மூன்று.

தட்டின் நடுவில் ஒட்டியிருக்கிற வட்டக் காகிதத்தில், ஓரமாக, பொடி எழுத்தில் '45' என்று இருந்தது. முதல் தட்டு கிடைத்தபோது, தன்னுடையது நாற்பத்தைந்தாவது பிரதி என்று ஊரெல்லாம் சொன்னார் கண்ணாடிக்காரர். இரண்டாவது தட்டு கிடைத்தது, அதிலும் 45. மூன்றாவதிலும் 45. நீங்களும் நானும் என்றால் அங்கே கொஞ்சம் தலையைச் சொறிந்திருப்போம். அவர் சொறியவில்லை, சிந்தித்தார். ஒரு வாரம் கழித்துச் சபையில் அறிவித்தார்:

"தீப்பெட்டிக்குள்ள எத்தனை குச்சி இருக்கும்? நாற்பத்தஞ்சு! அதைத்தான் சூசகமா சொல்றார்."

அங்கேயே ஒரு தீப்பெட்டியைக் கொட்டி எண்ணினார்கள். நாற்பத்து மூன்று இருந்தது.

"ரெண்டு நனைஞ்சிருக்கும்" என்றார் தலைவர். ஏழு பேருக்கும் மயிர்க்கூச்செறிந்தது.

மனைவியின் அண்ணன் லிப்ட் மெக்கானிக். ஞாயிற்றுக்கிழமைகளில் சோற்றுக்கு வருவார், சடங்கில் மாட்டிக்கொள்வார். ஆல்பத்தின் பெயரைக் கேட்டதிலிருந்து அவருக்கு ஒரே சந்தேகம்.

"ஏன் மாப்ளே, ஏழாவது மாடிக்கு லிப்ட் இல்லைன்னா எங்க ஆபீசுக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாம்ல? அதுக்கு ஏன் பாட்டு?"

"மச்சான், அது உருவகம்."

"எந்தக் கம்பெனி லிப்டு அது?"

இப்படி ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில் கல் விழுந்தது. பல் டாக்டரின் மனைவி கார் ஓட்டப் பழகப் போனார். பழக்கிக் கொடுத்தவர், வண்டி சிக்னலில் நிற்கும்போதெல்லாம் டாஷ்போர்டில் விரலால் தாளம் போட்டார். என்ன சார் தாளம் என்று கேட்க, அந்தக் காலத்தில் கொஞ்சம் பாட்டெல்லாம் பண்ணியிருக்கிறேன், நனைந்த தீப்பெட்டி என்று பெயர் என்று சொல்லிவிட்டார். அந்த அம்மாள் பிரேக்கையும் ஆக்சிலேட்டரையும் ஒன்றாக மிதித்துவிட்டார் என்று கேள்வி.

அதோடு நிற்கவில்லை. ஒரு சின்னக் கம்பெனி அந்த ஆல்பத்தை மறுபடியும் ஆயிரம் தட்டு அடிக்கப் போகிறதாம். அட்டையின் பின்பக்கத்தில் இரண்டு பத்தி எழுத ஒரு ஆள் வேண்டுமாம். "எழுத்தாளர்லாம் வேண்டாம், பாட்டை உண்மையாவே கேட்டவரா இருக்கணும்" என்று சொன்னாராம் தீப்பெட்டிக்காரர். சபையைப் பற்றி டாக்டர் சொன்னதும், ஞாயிற்றுக்கிழமை வந்து நீங்கள் எப்படிக் கேட்கிறீர்கள் என்று பார்க்கிறேன், அப்புறம் சொல்கிறேன் என்றாராம்.

கண்ணாடிக்காரருக்கு அன்றைக்கு மத்தியானமே காய்ச்சல். யோசித்துப் பாருங்கள். எட்டு வருஷமாக, "இந்த மேதையை உலகம் கண்டுக்கவே இல்லையே" என்று மாரில் அடித்துக்கொண்டவர். இப்போது உலகம் திரும்பிப் பார்க்கப் போகிறது. இனி எவன் வேண்டுமானாலும் ஒரு தட்டை வாங்கி வீட்டில் மாட்டிவைப்பான். மனைவி பழக்க தோஷத்தில் ரத்தம் எடுத்துக்கொண்டு போய்ச் சோதித்துப் பார்த்தார்.

"ரத்தத்துல ஒண்ணும் இல்லங்க. வயித்தெரிச்சலுக்கு எங்க லேப்ல டெஸ்ட் கிடையாது."

மாலையில் காய்ச்சல் தானாக இறங்கியது. ஏனென்றால் அவருக்கு ஒரு எண்ணம் உதித்தது. ஆயிரம் பேர் வாங்கட்டுமே. ஆயிரம் அட்டையிலும் பின்பக்கத்தில் யார் பெயர் இருக்கும்? எடுத்தார் பேனாவை. நாற்பது பக்கத்தை இரண்டு பத்தியாக வடித்தார். பதினோரு தடவை திருத்தினார். கடைசியில் தன் பெயருக்குக் கீழே 'ரசிகர்' என்று போடுவதா 'ஆய்வாளர்' என்று போடுவதா என்று இரண்டு நாள் யோசித்து, 'முதலில் கேட்டவர்' என்று போட்டார். எனக்கும் முதல் பட்டறைக்குப் போர்டு எழுதிய அன்றைக்கு இப்படித்தான் இருந்தது, அந்த ஆசையை நான் பழிக்க மாட்டேன். மனிதன் தன் பெயரை எங்கேயாவது ஒரு இடத்தில் அழியாமல் பார்க்க ஆசைப்படுகிறான். நான் தகரத்தில் பார்த்தேன், அவர் அட்டையில் பார்க்க நினைத்தார்.

ஞாயிறு வந்தது. ஃப்ரிட்ஜ் அணைந்தது. ரசமட்டத்தின் குமிழி நடுவில் நின்றது. சபை குளித்து, சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது. பல் டாக்டரின் சட்டைப்பையில் அவர் எழுதிய இரண்டு பத்தி துருத்திக்கொண்டிருந்ததைத் தலைவர் பார்த்தார், பார்க்காத மாதிரி இருந்தார்.

தீப்பெட்டிக்காரர் வந்தார். குள்ளமாக, சாதுவாக, ஒரு மாதிரி எப்போதும் முன்னால் குனிந்து ரோட்டைப் பார்ப்பவராக இருந்தார். உட்கார்ந்ததும் வலது கால் தன்னால் தரையை மிதித்தது. கூட ஒரு பெண்.

"இது என் தங்கச்சி. நீச்சல் சொல்லிக் குடுக்குது."

"வணக்கங்க!" என்றாள் தங்கை. நீச்சல் குளத்தின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குக் கேட்க வேண்டிய தொழில் அல்லவா, விசில் ஊதிய மாதிரி இருந்தது குரல். ரசமட்டத்துக் குமிழி லேசாக அசைந்தது.

"இசையில எல்லாம் ஆர்வம் உண்டாம்மா?" என்று பெருந்தன்மையோடு கேட்டார் கண்ணாடிக்காரர்.

"கொஞ்சம் உண்டு சார்."

"பரவால்ல, கேக்கக் கேக்கப் பிடிபடும்" என்று சொல்லி, அவளை ஃப்ரிட்ஜுக்குப் பக்கத்து ஸ்டூலில் உட்காரவைத்தார்.

முள் இறங்கியது. தும்... என்று ஒரு அடி. ஊரிலிருந்து விருந்தாளி கிளம்பி வந்து சேருகிற நேரம் கழித்து இன்னொரு தும்... கிணற்றுக் குரல் எழுந்தது. சபை கண்ணை மூடியது. பாடகருக்கு இரண்டு பல் இல்லாமல் காற்று கசிகிற இடம் வந்ததும் டாக்டர் வழக்கம்போல் பெருமூச்சு விட்டார். கண்ணாடிக்காரர் மட்டும் ஒரு கண்ணைத் திறந்து தீப்பெட்டிக்காரரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த முகத்தில் மரியாதை இருந்தது. குழப்பமும் இருந்தது. இரண்டு நிமிடம் கழித்து, மெல்லக் கேட்டார்:

"நல்லா இருக்கு சார். யாரு பண்ணது இது?"

சபை சிலிர்த்தது. "என்ன ஒரு தன்னடக்கம்!" என்றார் தலையாட்டும் ஐவரில் ஒருவர்.

"இல்லீங்க, நிஜமாத்தான் கேக்கறேன். கொஞ்சம் இழுவையா இருக்கு. பாடறவருக்கு உடம்பு சரியில்லையோ?"

ஸ்டூலில் இருந்த தங்கை தலையைச் சாய்த்துக் கேட்டாள். புருவம் நெரிந்தது.

"அண்ணே, இது நம்ம படிக்கட்டுப் பாட்டுண்ணே."

"எது?"

"வார்த்தையக் கேளு. பால் பாக்கெட்ட வாயில கவ்விக்கிட்டு ஏழு மாடி ஏறுற பாட்டு."

"அட, ஆமா! ஆனா பாடறது யாரு? நம்ம பெரியப்பா மாதிரில்ல இருக்கு?"

"நான்தாண்ணே அது!"

அந்த நேரத்தில் ஃப்ரிட்ஜ் ஓடியிருந்தால்கூட ஒரு துணையாக இருந்திருக்கும். தங்கை எழுந்தாள். நடக்கக் கூடாது என்ற சட்டத்தைப் பற்றி அவளுக்கு யாரும் சொல்லவில்லை. நேரே பிளேயருக்குப் போனாள், குனிந்து பார்த்தாள், எட்டு வருஷத்துப் பிளாஸ்திரியை நகத்தால் உரித்தாள், பொத்தானை அழுத்தினாள்.

விஷயம் இதுதான். இசைத்தட்டுக்கு இரண்டு வேகம். நிமிடத்துக்கு முப்பத்து மூன்று சுற்று ஒன்று, நாற்பத்தைந்து சுற்று இன்னொன்று. பெரிய தட்டு என்றால் முப்பத்து மூன்று, சின்னத் தட்டு என்றால் நாற்பத்தைந்து என்பது பொதுவான வழக்கம். இருந்தாலும் ஒலி துல்லியமாக வரும் என்று சிலர் பெரிய தட்டையும் நாற்பத்தைந்தில் அடிப்பார்கள், அடித்துவிட்டு அந்த எண்ணை நடுக் காகிதத்தில் பொடியாகப் போடுவார்கள். ஒன்றும் தெரியாத ஆளாக இருந்தால் பொத்தானை அழுத்தி இரண்டு வேகத்திலும் போட்டுப் பார்த்திருப்பார். கண்ணாடிக்காரருக்குப் பெரிய தட்டைப் பற்றித் தெரியும். தெரிந்ததுதான் வினை. என் பட்டறைக்கு எந்த மோட்டார் வந்தாலும் நான் முதலில் பார்ப்பது அதன் தகட்டில் போட்டிருக்கிற சுற்று எண்ணை. படித்தவர்கள்தான் எண்ணைப் பார்த்தால் தீக்குச்சி எண்ணுகிறார்கள்.

பொத்தான் அமுங்கியதும் யானை அணிலாகிவிட்டது. தடதடவென்று படிக்கட்டில் உருண்டு வருகிற மாதிரி ஒரு தாளம், அதன் மேல் துள்ளிக்கொண்டு ஓடுகிற ஒரு பெண் குரல், பால் பாக்கெட், ஏழு மாடி, மூச்சு வாங்கல், நடுவில் ஒரு சிரிப்பு. சமையலறையிலிருந்து மனைவி ஈரக் கையோடு வந்தார். வந்தவரின் இடுப்பு அவரைக் கேட்காமலே ஆடிக்கொண்டிருந்தது.

"இவ்வளவு நல்ல பாட்டாங்க இது? இதுக்கா நான் எட்டு வருஷமா பாலைத் திரிய விட்டேன்?"

லிப்ட் மெக்கானிக் தொடையில் தாளம் போட்டார். "இப்பதான் மாப்ளே லிப்டு மேல போகுது."

பல் டாக்டர் தங்கையின் வாயையே உற்றுப் பார்த்தார். முப்பத்திரண்டும் முத்து முத்தாக இருந்தன. டாக்டர் சட்டென்று நிமிர்ந்து, "எனக்கு அப்பவே ஒரு சந்தேகம்" என்றார்.

"எப்ப டாக்டர்?" என்றார் மெக்கானிக்.

"அப்பவே."

கண்ணாடிக்காரர் இடத்தில், ஐயா, நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? "அடடா, ஏமாந்துட்டேன்" என்று சிரித்திருப்பீர்கள். சிரித்திருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும், பின்னட்டையும் ஒருவேளை கையில் வந்திருக்கும். அவர் எழுந்தார். முள்ளைத் தூக்கினார்.

"மன்னிக்கணும். இது தப்பு."

"எது சார் தப்பு?" என்றார் தீப்பெட்டிக்காரர்.

"இந்த வேகம்."

"சார், பாட்டைப் பண்ணதே நான்தான்."

"பண்ணது நீங்க. கேட்டது நான்." கண்ணாடிக்காரர் விடவில்லை. "பண்ணி முடிச்சதுக்கு அப்புறம் நீங்க எத்தனை தடவ கேட்டிருப்பீங்க?"

தீப்பெட்டிக்காரர் நேர்மையான மனிதர். கொஞ்சம் யோசித்தார். "ஒரு மூணு தடவ இருக்கும்."

"நான் ஆயிரத்து நானூறு தடவ! இதுல எது எங்க வரணும்னு உங்களைவிட எனக்குத் தெரியும். அந்த இடைவெளியை எடுத்துட்டா இதுல என்ன இருக்கு? வெறும்... வெறும் சந்தோஷம்தான் இருக்கு!"

தீப்பெட்டிக்காரரின் வலது கால் இரண்டு தடவை தரையை அழுத்தியது. ரிவர்ஸ் கியரைப் போட்டுவிட்டு ரோடு தப்பாகப் போகிறது என்று சண்டை பிடிக்கிறவர்களோடு பதினைந்து வருஷம் பழகியவர். கோபம் வரவில்லை. சிரிப்பும் வரவில்லை. தேநீர் குடித்தார், பிஸ்கட் ஒன்று எடுத்தார், எழுந்தார். வாசல்வரை போய்விட்டவரைப் பின்னாலேயே ஓடிப் பிடித்தார் கண்ணாடிக்காரர்.

"சார்... அந்தப் பின்னட்டை?"

"யோசிச்சு சொல்றேன் சார்."

அந்த வார்த்தை கண்ணாடிக்காரருக்குத் தெரியும். கடையில் பதினெட்டு பிரேமைப் போட்டுப் பார்த்துவிட்டு, "யோசிச்சு சொல்றேன்" என்று போன எவரும் இன்றுவரை திரும்பி வந்ததில்லை.

அடுத்த வாரம் சபை உடைந்தது. பல் டாக்டர் தன் வீட்டில் நாற்பத்தைந்து சபை தொடங்கினார். தலையாட்டும் ஐவரும் அங்கே போய்க் கொஞ்சம் வேகமாகத் தலையாட்டினார்கள். ஞாயிறு மூன்று மணிக்கு இங்கே கண்ணாடிக்காரரும், சோற்றுக்கு வந்த மச்சானும் மட்டும். கண்ணாடிக்காரர் பொத்தானைப் பழைய இடத்துக்கு மாற்றி, புதுப் பிளாஸ்திரி ஒட்டியிருந்தார்.

மூன்று மாதம் கழித்துப் பார்சல் வந்தது. அனுப்பியவர் பெயர் இல்லை. உள்ளே புதுத் தட்டு. முன்னட்டையில் அதே படிக்கட்டு, மூலையில் உள்ளங்கை அகலத்துக்குச் சிவப்பு வட்டம், வட்டத்துக்குள் 45. கையுறை போடக்கூட மறந்து அட்டையைத் திருப்பினார். பத்தி எதுவும் இல்லை, யாருடையதும் இல்லை. கீழே ஒரு கட்டத்துக்குள் நான்கே வரி:

'எச்சரிக்கை. இதை நாற்பத்தைந்தில் போடவும். முப்பத்து மூன்றில் ஆயிரத்து நானூறு தடவை கேட்ட கண்ணாடிக் கடைக்காரருக்கு நன்றி. எங்களை இவ்வளவு பொறுமையாக யாரும் கேட்டதில்லை. அவர் கேட்ட வேகத்திலேயே படிக்கட்டுப் பாட்டை இன்னொரு தடவை கடைசியில் சேர்த்திருக்கிறோம். அண்ணனும் தங்கையும்.'

மனைவி தோளுக்கு மேலாகப் படித்தார். மச்சான் அந்தத் தோளுக்கும் மேலாகப் படித்தார். ஆயிரம் அட்டையில் ஆயிரம் தடவை கேலி, ஆயிரம் தடவை நன்றி, இரண்டும் ஒரே கட்டத்துக்குள். கண்ணாடிக்காரர் முகத்தில் எது வரும் என்று இருவரும் காத்திருந்தார்கள். அவர் கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மாட்டினார், மறுபடியும் படித்தார்.

"போடுங்களேன், கேப்போம்" என்றார் மனைவி. தானாகவே போய் ஃப்ரிட்ஜை அணைத்தார்.

போட்டார். எந்த வேகத்தில்? அது என்ன கேள்வி? பிளாஸ்திரியைத் தொடவே இல்லை. முழுத் தட்டும் முப்பத்து மூன்றில் ஊர்ந்து, கடைசியில் அவருக்காகவே மெதுவாக்கிச் சேர்த்த பாட்டு வந்தது. ஏற்கெனவே மெதுவாக்கியது, அதற்கு மேலும் மெதுவானது. ஒரு தும்முக்கும் அடுத்த தும்முக்கும் நடுவில் மச்சான் தூங்கி விழித்தார். தங்கையின் குரல் இப்போது பெரியப்பாவையும் தாண்டி, பூமிக்கு அடியில் பாறை நகர்கிற மாதிரி இருந்தது. கண்ணாடிக்காரரின் கன்னத்தில் கண்ணீர் வழிந்தது.

"மச்சான், இது ஒரிஜினலையே தூக்கிச் சாப்பிட்டுடுச்சு. ஆயிரம் பேர் வாங்குவான், ஆயிரம் பேரும் நாற்பத்தஞ்சுல போடுவான். இந்த வேகத்துல கேட்ட ஆளு உலகத்துல எத்தனை பேர் இருப்பாங்க?"

"நீங்க ஒருத்தர்தான் மாப்ளே" என்றார் மச்சான். திட்டித்தான் சொன்னார்.

"ஒருத்தர்தான்ல?" என்று கேட்டார் கண்ணாடிக்காரர். மறுநாள் காலையிலேயே அந்தப் புதுத் தட்டு இன்னும் மூன்று வேண்டும் என்று கம்பெனிக்கு எழுதிப் போட்டார். குக்கர் வாஷரும் வாங்கிவந்தார் என்று சொன்னால் கதை அழகாக இருக்கும். வாங்கவில்லை.

சரி, சிரித்துவிட்டீர்கள். எனக்கும் அப்படி ஒரு ஆளைத் தெரியும் என்று பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லியும் இருப்பீர்கள். நல்லது. போவதற்கு முன்னால் ஒரே ஒரு கேள்வி, பதில் எனக்கு வேண்டாம், உங்களுக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் புகுந்த கிடங்கிலிருந்து பிழைத்தவை நாற்பது தட்டு. கண்ணாடிக்காரரிடம் நான்கு, பல் டாக்டரிடம் ஒன்று. இதைப் படித்துக்கொண்டு வரும்போது எங்கேயாவது ஓரிடத்தில், மிச்சம் எத்தனை, அவை யார் வீட்டுப் பரணில் கிடக்கும் என்று மனசுக்குள் ஒரு கழித்தல் கணக்குப் போட்டீர்களா?

முப்பத்தைந்து வந்ததா?

எனக்கும் அதுதான் வந்தது.